பட்டியலில் விடுபட்ட பொன்னாங்கண்ணி

எங்கள் ஆய்வகத்தின் களப் படிவத்தில் செடியின் பெயருக்கு நான்காவது கட்டம்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. முதல் கட்டம் இடம். இரண்டாவது மண். மூன்றாவது, அந்தச் செடிக்குப் பக்கத்தில் வேறு என்னென்ன நிற்கின்றன என்பது. இந்த மூன்றையும் நிரப்பாமல் பெயரை மட்டும் எழுதிய தாள், மேலதிகாரியின் மேசையிலிருந்து அப்படியே திரும்பி வந்துவிடும். அதில் ஒரு திருத்தம்கூட இருக்காது.

சென்ற மாதம், நான் ஓய்வுபெற்று விட்டுவந்த இருக்கையில் இப்போது அமர்ந்திருக்கும் நித்யா தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், இப்பல்லாம் போன்ல போட்டோ எடுத்தா பேரு வந்துடுது. இடம், மண்ணு, பக்கத்துச் செடின்னு எழுதிக்கினு இருந்தா வேலை முடியறதில்ல. அந்த மூணு கட்டத்தையும் எடுத்துடலாமான்னு ஆபீஸ்ல பேசறாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?"

தொலைபேசி சொல்லும் பெயர் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அதைக் குறைசொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் பெயர் முற்றிலும் சரியாக இருந்தும் அறிக்கை தவறாகலாம் என்பதை ஒரு முறை என் கையாலேயே செய்து அறிந்திருக்கிறேன். அதை எழுதிவிடுவதே அவருக்கு நான் தரக்கூடிய நேர்மையான பதில் என்று தோன்றியது.

காக்களூர் தொழிற்பேட்டையில், நட்டு போல்ட் செய்யும் பட்டறைக்கும் அட்டைப்பெட்டி நிறுவனத்துக்கும் நடுவே இருந்தது எங்கள் ஆய்வகம். புதிதாகத் தொடங்கும் அல்லது விரிவாகும் தொழிற்சாலைகள், தங்கள் இடத்தின் காற்று, நீர், மண், செடிகொடி பற்றி அரசுக்குத் தர வேண்டிய அறிக்கையை நாங்கள் தயாரித்துக் கொடுப்போம். தாவரவியலில் முதுகலை முடித்துவிட்டு நான் அங்கே சேர்ந்தேன். முதல் ஆறு மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. செடிகளைச் செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து அழுத்தினேன். ஈரமான தாள்களை மாற்றினேன். மறுநாளும் மாற்றினேன்.

செடிகொடிப் பிரிவின் தலைவர் சம்பந்தம் சார். உயரமான மனிதர், நின்றுகொண்டுதான் படிப்பார். எரிச்சல் வந்தால் கழுத்தில் தொங்கும் கைலென்ஸை எடுத்துச் சட்டை நுனியால் துடைப்பார். தெரியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக, "கேள்வி நிக்கட்டும்" என்பார். அப்படி நிறுத்திய கேள்விகளை எழுதிவைக்க அவரிடம் தனியாக ஒரு நோட்டு இருந்தது. விடை கிடைத்த கேள்வியை அடித்துவிடுவார். அடிக்கப்படாத பக்கங்களே அதில் அதிகம்.

எனக்கு ஊர்ப் பெயர்களின் மேல் ஆர்வம் உண்டாயிற்று. வயல் ஓடைகளில் நீர்முள்ளி. பழவேற்காட்டுப் பக்கம் உப்பங்கழியின் கரையில் கழிமுள்ளி. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் ஒரே செடியல்ல. இரண்டுக்கும் முள் உண்டு. பெயரின் பின்பாதி செடியின் குணத்தைச் சொல்கிறது, முன்பாதி அதன் விலாசத்தைச் சொல்கிறது என்று கண்டபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பழவேற்காட்டில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மீனவரிடம், தரையோடு படர்ந்திருந்த சதைப்பற்றான செடியைக் காட்டிக் கேட்டேன்.

"உமரி" என்றார். "உமரி நிக்கிற எடத்துல கெணறு தோண்டாத. தோண்டினா வாய்ல வெக்க முடியாது."

நான் கேட்டது பெயர். அவர் சொன்னது பெயரும் நிலமும். அவருக்கு இரண்டும் வேறல்ல.

இதை நான் உற்சாகமாக ஆய்வகத்தில் சொன்னபோது சம்பந்தம் சார் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நம்ம காம்பவுண்டு ஓரமா ஒரு மலைவேம்பு நிக்குதே, பாத்தியா? காக்களூர்ல மலை எங்கம்மா இருக்கு? காட்டாமணக்கு காட்டுலயா இருக்கு? ஊரு குட்டை சுத்தி இருக்கு."

"அது சார்..."

"நம்ம தாவரவியல்காரங்களும் ஒண்ணும் ஒழுங்கில்ல. புளிக்கு லத்தீன்ல இந்தியாக்காரின்னு பேரு. அது ஆப்பிரிக்காவுல இருந்து வந்தது. பேரு வெச்சவன் செடிய எங்க பாத்தானோ அதத்தான் சொல்லுவான். அது சாட்சி சொல்ற மாதிரி. சாட்சிய விசாரிக்கணும், அப்படியே எழுதிக்கக் கூடாது."

அதனால்தான் இடம் முதல் கட்டத்தில் இருந்தது: பெயரைக் கேட்டதும் மனம் இடத்தைத் தானாகக் கற்பித்துக்கொள்ளும், ஆகவே கண்ணால் கண்ட இடத்தை முதலில் எழுது. இந்த ஒழுங்கு இன்றும் எனக்குச் சரியாகவே படுகிறது. நான் தவறியது படிவத்தில் அல்ல, அதற்குப் பிறகு.

தேர்வாய் கண்டிகைக்குப் போகும் வழியில் ஒரு கிராமம். அதன் எல்லையில் இருந்த தொழிற்சாலை, கிடங்கு கட்டுவதற்காகப் பக்கத்துத் தரிசு நிலத்தை ஆறடி உயரத்துக்கு மண்கொட்டி மேடாக்க விரும்பியது. ஆவணத்தில் அந்நிலம் புன்செய்த் தரிசு. மேற்கே தொழிற்சாலையின் சுவர். கிழக்கே ஒரு குடும்பத்தின் மூன்று ஏக்கர் நெல்வயல். சுவரை ஒட்டி, அதே குடும்பத்தின் இளைய சகோதரர் ஏழுமலைக்குச் சொந்தமான ஒரு சிறு துண்டு. அதையும் சேர்த்து வாங்கிக்கொள்வதாகத் தொழிற்சாலை சொல்லியிருந்தது.

நான் அங்கே போனது சித்திரை மாதத்தில். தரிசின் நடுப்பகுதி வெடித்துக் கிடந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் கை நுழையும். அந்த வெடிப்புகளுக்குள் குனிந்து ஒரு பெண் கீரை பறித்துக்கொண்டிருந்தார். நெல்வயல் குடும்பத்தின் மூத்த மருமகள், பெயர் பூங்காவனம். ஐம்பது வயதுக்குள் இருக்கும்.

"இது என்ன கீரைம்மா?"

"தண்ணிப் பொன்னாங்கண்ணி."

"இங்க எங்க தண்ணி இருக்கு?"

"இப்ப இல்ல. அதுக்கு இன்னா? பேர மாத்திக்கினு இருக்குமா மாசத்துக்கு ஒண்ணா?" என்று சிரித்தார். பிறகு வரப்புக்கு அழைத்துப்போய், அதே இலை, அதே வெள்ளைப் பூ கொண்ட இன்னொரு கொடியைக் காட்டினார். "இது மேட்டுப் பொன்னாங்கண்ணி. தண்டு செவப்பா இருக்குது பாரு. இத்தப் பருப்புல போட்டா நாரு நாரா தொங்கும். எங்க ஊட்டுக்காரரு தட்டோட எழுந்துடுவாரு."

இரண்டிலும் ஒரு பிடி பறித்து, தனித்தனியாக வாழைநாரில் கட்டிக் கொடுத்தார். இடம், மண், அண்டைச் செடிகள் என மூன்று கட்டங்களையும் முறைப்படி நிரப்பினேன். பள்ளத்துக்கு: வெடித்த கரிய களிமண், அருகே காய்ந்த நீர்முள்ளித் தண்டுகள், கோரையின் சருகு. வரப்புக்கு: செம்மண் கலந்த தரை, அருகே நெருஞ்சி, அறுகு.

ஆய்வகத்தில் சம்பந்தம் சார் இரண்டு மாதிரிகளின் பூவையும் பிரித்தார். லென்ஸை ஒன்றுக்கும் மற்றதற்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோனார். காய் இரண்டிலும் தட்டையான சின்ன இதயம்போல இருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"அந்த அம்மா ரெண்டு பேரு சொல்றாங்க சார்."

"இட்லி ஆறிப்போச்சுன்னா அது வேற பலகாரமா?"

அவர் சொன்னது தாவரவியல்படி முழுக்கச் சரி. ஈரத்தில் அதே கொடி நீண்டு, தண்டு உள்ளீடற்றுப் பருத்து, இலை பெரிதாகும். வறட்சியில் சுருங்கிச் சிவக்கும். இனம் ஒன்றே.

அறிக்கையின் பட்டியலில் ஓர் இனத்துக்கு ஒரு வரி. அதில் இடத்துக்கு ஒரு சொல்லுக்கு மேல் எழுத இடமில்லை. நான் எடுத்த மாதிரிகளில் வரப்பிலும் ஏழுமலையின் துண்டிலும் கிடைத்தவை அதிகம். ஆகவே 'மேட்டுத் தரிசு' என்று தட்டச்சு செய்தேன். காய்ந்த தண்டுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். அதனால் நீர்முள்ளியும் கோரையும் பட்டியலில் ஏறவில்லை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எந்தப் பொய்யும் எழுதவில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலைப் படிக்கிறவருக்கு அந்த நிலத்தில் பள்ளம் என்று ஒன்று இருந்ததற்கான தடயமே இல்லை. மூன்று கட்டங்களில் கவனமாகச் சேமித்ததை ஒரு வரியில் சேர்த்து அழித்துவிட்டேன். அப்போது எனக்கு அது தெரியவும் இல்லை.

பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் ஆனி மாதத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் மேடையில் இருந்தார். அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே வைத்திருந்தார்கள். சம்பந்தம் சார் எங்கள் பகுதியை வாசித்து முடித்ததும் பெண்கள் பக்கமிருந்து பூங்காவனம் எழுந்தார். அவர் மேடையைப் பார்க்கவில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"மேடம், நான் உனக்கு ரெண்டு கீரை குடுத்தேனே. மருமவ படிச்சுக் காமிச்சா, ஒண்ணுதான் இருக்குது. இன்னொண்ணு எங்க? துன்னுட்டியா?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரிக்க முயன்றேன்.

"தாவரவியல்படி ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார் சம்பந்தம் சார்.

"படிச்சவங்களுக்கு ஒண்ணா இருக்கலாம் சார். பறிக்கிறவளுக்கு ரெண்டு. தண்ணிப் பொன்னாங்கண்ணி நிக்கிற எடத்துல ஐப்பசியில மொழங்காலு தண்ணி நிக்கும். அத்த மண்ணப் போட்டு மூடிட்டா அந்தத் தண்ணி எங்க போவும்? பறந்தா போவும்? எங்க நெல்லு மேலதான் வரும். எங்களுக்கு வருசத்துக்கு ஒரு போகம். அது மூழ்கிப்போச்சுன்னா அடுத்த வருசம் வரைக்கும் நாங்க இன்னா பண்றது?"

தொழிற்சாலையின் மேலாளர் நில ஆவணத்தை எடுத்துக் காட்டினார்: புன்செய், மேடு. எங்கள் பட்டியலையும் காட்டினார்: மேட்டுத் தரிசு. அதிகாரி எங்களைப் பார்த்தார்.

சம்பந்தம் சார் என்னிடம் கையை நீட்டினார். "நோட்டு."

களப் படிவங்களைக் கோத்திருந்த நோட்டைக் கொடுத்தேன். மேடையில் நின்றபடியே பள்ளத்தைப் பற்றிய பக்கத்தைப் படித்தார். கைலென்ஸைத் துடைத்தார். மறுபடி படித்தார். பிறகு ஒலிபெருக்கியில், "இந்தக் கேள்வி நிக்கட்டும் ஐயா. திரும்பவும் பாத்துட்டு எழுத்துல தர்றோம்" என்றார்.

திரும்பும் வழியில் அவர் வண்டியில் என் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். கவரைப்பேட்டை தாண்டியதும் கேட்டார்:

"செடிய ஒண்ணா சேத்தது நான். எடத்த ஒண்ணா சேத்தது யாரு?"

"நான்தான் சார்."

நோட்டை மூடி என் மடியில் வைத்தார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஆடியில் இரண்டு மழை பெய்து கொடிகள் துளிர்த்ததும் மறு ஆய்வுக்குப் போனோம். அவர் வகுத்த முறையை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதும் இல்லை, பின்பு யாரும் செய்து பார்த்ததும் இல்லை. கீரை பறிக்கும் பெண்கள் ஐந்து பேரை வரச்சொன்னார். நிலத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எட்டுத் திசையில் கயிறு பிடித்தோம். ஒவ்வொருவரையும் தனித்தனியே, மற்றவர் காதில் விழாத தூரத்தில், கயிற்றோடு நடக்கவைத்து, இரண்டடிக்கு ஒரு தரம் நிறுத்திக் காலடியில் இருக்கும் பொன்னாங்கண்ணியின் பெயரைக் கேட்க வேண்டும். 'தண்ணி' என்பது 'மேட்டு' என்று மாறும் இடத்தில் ஒரு மூங்கில் முளை. ஒவ்வொருவருக்கும் ஒரு வண்ணம். அடுத்தவர் கண்ணில் படாதபடி முளையைத் தரைமட்டமாக அடித்துச் சருகால் மூடினோம்.

"இன்னா மேடம், டேசன்ல வெச்சு விசாரிக்கிற மாதிரி ஒவ்வொருத்தரா இட்டுக்கினு போற? கோழி எதனா காணாமப் போச்சா?" என்றார் ஒருவர். "நாஷ்டா உண்டா இல்லியா, அத்தச் சொல்லு மொதல்ல" என்றார் இன்னொருவர். இட்லிப் பொட்டலம் கொடுத்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

முதல் நால்வர் நடந்து முடித்ததும் சருகை விலக்கிப் பார்த்தேன். மேற்குப் பக்கம் தவிர, நான்கு வண்ண முளைகளும் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழுந்திருந்தன. அடுத்தடுத்த முளைகளுக்கு இடையே ஓர் எட்டுக்குமேல் வேறுபாடில்லை. எட்டுத் திசையையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நீள்வட்டம். கண்ணுக்குத் தெரியாத ஒரு குளத்தின் கரையை நான்கு பெண்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் வரைந்திருந்தார்கள்.

சம்பந்தம் சார் மகிழ்ச்சியைக் காட்டிக்கொள்ளவில்லை. லெவல் கருவியை நிறுத்தி, முளை முளையாக உயரம் பார்த்தார். மூன்று பக்கமும் ஒரே மட்டம். மேற்குப் பக்கத்தில், ஏழுமலையின் துண்டில் மட்டும், இருவரின் முளைகள் ஒன்றரை அடி மேலே நின்றன. அங்கே தரை செம்மண் மேடு. கொடி சிவந்து சுருங்கி, எந்தப் பாடநூலும் 'மேட்டு' என்றே சொல்லும் தோற்றத்தில் இருந்தது. நால்வரில் இருவர் அதையும் 'தண்ணி' என்றிருந்தார்கள். இருவர் தயங்கி, 'மேட்டு' என்றிருந்தார்கள்.

"பாத்தியா? இங்க பழக்கத்துல சொல்றாங்க" என்றார் அவர். "இந்தத் துண்ட விட்டுடலாம்."

ஐந்தாவதாகப் பூங்காவனத்தின் முறை. அதற்குள் முளைகளின் பொருள் ஊருக்கே தெரிந்துவிட்டிருந்தது. அந்தத் துண்டின் ஓரத்தில் ஏழுமலை வந்து நின்றார். அதே தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாக வேலைசெய்பவர். அந்தத் துண்டை விற்று ஊருக்குள் வீடு கட்ட நினைத்திருந்தார். பூங்காவனம் கயிற்றோடு நடந்துவந்து அங்கே நின்றார். நான் வழக்கம்போல் கேட்டேன்.

"இது என்ன பேரும்மா?"

பூங்காவனம் கொடியைப் பார்த்தார். கொழுந்தனைப் பார்த்தார்.

"சொல்லு அண்ணி" என்றார் ஏழுமலை. "மேடுதானே? கண்ணு தெரியலியா உனக்கு?"

பூங்காவனம் குனிந்து கொடியின் அடியைப் பிடித்து ஆட்டி ஆட்டி மெதுவாக இழுத்தார். ஒரு முழத்துக்குமேல் வேர் வந்தது. மேலே செம்மண் உதிர்ந்தது. நுனியில் கரிய களி அப்பியிருந்தது. அதை என் கையில் வைத்தார்.

"தண்ணிப் பொன்னாங்கண்ணி. எழுதிக்கோ."

"இன்னா அண்ணி, தெரிஞ்சிக்கினுதான் பேசறியா?" என்றார் ஏழுமலை. சம்பந்தம் சாரிடம் திரும்பினார். "நைனா, அது நான் என் கைக்காச போட்டு அடிச்ச மண்ணு. மேடா இல்லியா, நீயே பாரு."

"நீ மண்ணு கொட்டின ரெண்டு வருசமா எங்க வரப்புல தண்ணி ஏறுது ஏழுமல. நான் உன்கிட்ட சொன்னேனா இல்லியா?" என்றார் பூங்காவனம். குரல் உயரவில்லை.

சம்பந்தம் சார் ஆளைவைத்து அங்கே மூன்று குழி தோண்டச் செய்தார். ஒன்றரை அடி செம்மண்ணுக்குக் கீழே, நடுப்பள்ளத்தில் இருந்த அதே கரிய களிமண். அதில் நத்தை ஓடுகள். போதும் என்று நான் நினைத்தேன். அவருக்குப் போதவில்லை. களிமண் மட்டும் தண்ணீர் நின்றதற்குச் சாட்சி ஆகாது என்றார். குழிக்கு ஒரு கட்டியாக எடுத்துக் காக்களூர் கொண்டுவந்து, கையால் நொறுக்கி, மூன்று பிளாஸ்டிக் பேசின்களில் பரப்பி, நான்கு விரற்கடை நீர் விட்டு மொட்டைமாடியில் வைத்தார்.

தொழிற்சாலையிலிருந்து நாள்தோறும் தொலைபேசி வந்தது. எங்கள் நிர்வாகமும் கையெழுத்துக் கேட்டு அழுத்தம் கொடுத்தது. "பேசின்ல ஒண்ணும் வரல. வந்தா போடறேன், வராட்டி வரலன்னு எழுதிப் போடறேன்" என்பதே அவர் பதில். காலையில் வந்ததும் பையைக்கூட வைக்காமல் மாடி ஏறுவார். நானும் பின்னாலேயே போவேன். இரண்டு வாரம் பாசி மட்டுமே. மூன்றாவது வாரத்தில் ஒரு பேசினில் நூல்போன்ற இலைகள் எழுந்தன. அவற்றை நான் புல் என்றேன். அவர் லென்ஸை என்னிடம் கொடுத்தார். அடுத்து வந்த இலைகளின் நுனி இரண்டாகப் பிரிந்திருந்தது. அதற்கடுத்து வந்தவை நான்காகப் பிரிந்து, சிறு குடைபோல விரிந்தன. நீராரை, குளத்தோரத்து ஆரைக்கீரை. விதைபோன்ற அதன் கடினமான வித்துறைகள் காய்ந்த மண்ணில் பல ஆண்டுகள் உறங்கும். நீர் நின்றால் மட்டுமே எழும். வெறும் மேட்டில் அது வாழாது.

மூன்று பேசின்களில் இரண்டில் வந்தது. மூன்றாவதில் கடைசிவரை ஒன்றும் வரவில்லை. அதையும் அறிக்கையில் எழுதவைத்தார்.

புதிய பட்டியலில் பொன்னாங்கண்ணிக்கு இரண்டு வரி இருந்தது. லத்தீன் பெயர் இரண்டிலும் ஒன்றே. இடமும் ஊர்ப் பெயரும் வேறு வேறு. 'ஒரே இனம் இருமுறை வந்துள்ளது, பிழை' என்று குறித்து எங்கள் அலுவலகத் தட்டச்சர் திருப்பி அனுப்பினார். சம்பந்தம் சார் அந்தக் குறிப்பின் கீழே 'பிழையல்ல' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஏழுமலையின் துண்டு உட்பட அந்தப் பள்ளத்தில் மண் நிரப்பக் கூடாது என்று பரிந்துரைத்தோம். அது ஏற்கப்பட்டது. தொழிற்சாலை கிடங்கை வேறு பக்கத்துக்கு மாற்றிக்கொண்டது. ஏழுமலையின் துண்டை வாங்குவதையும் கைவிட்டது.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் எளிதில் கடந்து போனதில்லை. ஒரு குடும்பத்தின் நெல்லைக் காத்த அதே வரி, இன்னொரு குடும்பத்தின் வீட்டைத் தள்ளிப்போட்டது. அவர் மண் கொட்டியது தவறுதான். ஆனால் நான் முதலிலேயே இரண்டு வரி எழுதியிருந்தால், அவருக்கு அந்த நம்பிக்கை மூன்று மாதம் வளர்ந்திருக்காது. ஊர் பார்க்க அவருடைய அண்ணி அதை அறுக்க வேண்டியும் வந்திருக்காது. என் ஒரு வரிச் சிக்கனத்தின் விலையை அந்த இருவரும் கொடுத்தார்கள். நித்யாவுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவே: தொலைபேசி பெயரைச் சொல்லட்டும், அந்த நேரம் மிச்சமாகட்டும். மிச்சமாகும் நேரத்தை முதல் மூன்று கட்டங்களுக்குக் கொடுங்கள். அங்கே நிற்பவரிடம், இதை நீங்கள் என்னவென்று அழைக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். விடை கிடைத்த பிறகு அதைச் சோதியுங்கள். சோதித்த பிறகு, இடம் பற்றாது என்று அதைச் சுருக்காதீர்கள்.

அந்த ஆண்டு கார்த்திகையில், அடைமழை ஓய்ந்த ஒரு காலையில், யாரும் அனுப்பாமல் நானே அந்தக் கிராமத்துக்குப் போனேன். பள்ளம் நிறைந்திருந்தது. நீரின் விளிம்பு மூங்கில் முளைகளைத் தொட்டுக்கொண்டு நின்றது. நெல்வயலின் வரப்புக்கு ஒரு சாண் கீழே அது நின்றுவிட்டிருந்தது. பயிர் பச்சையாக, தலை நனையாமல் இருந்தது. ஏழுமலையின் துண்டு மட்டும் சுவரோரம் நீருக்குமேல் செந்நிறத் திட்டாகத் தெரிந்தது.

பூங்காவனம் முழங்கால் நீரில் நின்று கீரை பறித்துக்கொண்டிருந்தார். கொடிகள் நீர்மேல் மிதந்தன. தண்டுகள் என் சுண்டுவிரல் பருமன்.

"ஏழுமலை எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"பேச்சில்ல. அவரு பொண்ணு மட்டும் வரும், போவும். பொது மோட்டாரு வேணாம், தனியா மோட்டாரு போடப்போறேன்னு சொல்லிக்கினு இருக்காராம்." பறித்ததை இடுப்பு மடியில் போட்டுக்கொண்டார். "ஒரே ஊட்டுல இருந்த ஆளு. பேஜாராத்தான் இருக்குது."

வெகுநாளாக மனத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு அங்க நின்னப்போ, மேட்டுப் பொன்னாங்கண்ணின்னு சொல்லியிருக்கலாமேம்மா. நடுப்பள்ளம் எப்படியும் தப்பிச்சிருக்கும். சாரே அந்தத் துண்ட விட்டுடலாம்னுதான் சொன்னாரு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப?"

"அப்படியே எழுதியிருப்பேன்" என்றேன்.

"அதுக்குத்தான் சொல்லல" என்றார், மறுபடி நீருக்குள் குனிந்து.